துவக்கும் காற்றும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், இங்கிலாந்திலிருந்து வந்த பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று பேர் மேடை ஏறியதைப் பார்த்து, பழையபடி வில்லுப்பாட்டுத்தான் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது கேட்டது. இல்லை. "நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கோ" என்றுதான் சங்கத்தார் கேட்டார்கள். வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ளவை. அவற்றைவிட நாங்கள் செய்வது ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் றைபிள் சுடப் போகிறோம். 1000 யார் தூரத்தில், அதாவது 914 மீற்றருக்கு அப்பால் நிற்கும் கடதாசி இலக்கை நோக்கிச் சுடுவது. அதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

இந்த இடத்தில் மண்டபம் அமைதியாகும் என்று தெரிந்துதான் எழுதி வந்தோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டோம். பாயில் குப்புறப் படுத்து, தோளில் துவக்கோடு எங்களில் ஒருத்தி. ஒரு தோசைப் படம் போட்டாலே முப்பது இதயம் வரும் குழுவில் இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு தோழி எழுதினாள்: "எங்கட வீட்டில இதாலதானடி ஆள் இல்லாமப் போனது. உங்களுக்கு இது விளையாட்டா?" படத்தை எடுத்துவிட்டோம். பதில் எழுத வரவில்லை. அவள் இன்றைக்கு இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பேசலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினோம். "கதையுங்கோடி, ஆனா படம் காட்டாதேங்கோ" என்றாள். அதனால் திரையில் ஒன்றும் வராது. மலரிலும் இந்த உரையோடு படம் இராது.

இது தொடங்கியது எங்களில் ஒருத்தியின் மகளால். பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை அங்குள்ள றைபிள் கழகத்தில் சேர்ந்துவிட்டாள். தாய்க்கு நித்திரை இல்லை. பிள்ளையை விலக்கிக் கூட்டிவருவதற்கென்றே ஒரு சனிக்கிழமை புறப்பட்டாள். தனியே போகப் பயந்து எங்கள் இருவரையும் இழுத்துப் போனாள். போன இடம் சறே மாவட்டத்தில் உள்ள பிஸ்லி. பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கம் 1859 இல் தொடங்கியது. அடுத்த வருடம் விம்பிள்டனில் நடந்த முதற் போட்டியை விக்டோரியா மகாராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்துச் சுட்டுத் திறந்துவைத்தார். துவக்கை ஏற்கனவே தாங்கியில் பூட்டிக் குறி வைத்திருந்தார்கள், ஆகவே மகாராணியின் கெட்டித்தனம் என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. லண்டன் வளர்ந்து விம்பிள்டனை நெருங்கியதும் 1890 இல் பிஸ்லிக்கு மாறினார்கள்.

நாங்கள் எதிர்பார்த்தது சீருடையும் அதட்டலும். கண்டது மடக்குக் கதிரைகளும், தேநீர்ப் போத்தல்களும், மூட்டு வலிக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்த கிழவர்களும். பெண்களுக்கென்று தனி வரிசை இல்லை. எல்லாரும் ஒரே தூரம், ஒரே இலக்கு, ஒரே பரிசு. அங்கேதான் மார்ஜரி பொஸ்ரரின் பெயரை முதல் முதல் கேட்டோம். கோழிப்பண்ணை நடத்திய பெண். 1930 இல் பிஸ்லியின் மிகப் பெரிய போட்டியான அரசர் பரிசை, இராணுவ அதிகாரி ஒருவரை ஒரேயொரு புள்ளியால் முந்தி வென்றார். அதை வென்ற முதற் பெண் அவர்தான். வென்றவரைக் கதிரையில் இருத்தித் தோளில் தூக்கிப் போவது அங்கே வழக்கம், அவரையும் தூக்கினார்கள். அடுத்த பெண், ஜோஅனா ஹொசாக், வெல்ல 2000 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுபது வருடம்.

மகளைக் கூட்டிவரப் போன தாய் மூன்று மாதத்துக்குப் பிறகு தானே பாயில் படுத்தாள். மூன்று மாதம் என்பது சும்மா சொல்வதல்ல. அங்கே கழகத்தில் முழு உறுப்பினராக முதலில் குறைந்தது மூன்று மாதம் தவறாமல் வந்து, பழகி, நம்பிக்கை பெற வேண்டும். சொந்தத் துவக்குக்குப் பொலிஸ் வீட்டுக்கே வந்து விசாரித்துத்தான் அனுமதி தரும்.

இனிக் கொஞ்சம் தொழில் விடயம். பொறுத்துக் கேளுங்கள்.

இந்த வகைப் போட்டியில் துவக்கில் தொலைநோக்கி கிடையாது. கண்ணருகில் சின்னத் துவாரம், குழல் நுனியில் ஒரு வளையம், அவ்வளவே. 1000 யாரில் இலக்கின் கறுப்பு வட்டம், கையை நீட்டிப் பிடித்த குண்டூசித் தலையிலும் சின்னதாகத் தெரியும். அதன் நடுவே ஐந்து புள்ளி தரும் வட்டம் இரண்டு அடி அகலம். ஒரு தடவைக்கு ஒரு ரவைதான் போடலாம். தடித்த தோற் சட்டையை இறுக்கிப் பூட்டி, இடது கையைத் தோல்வாரால் கட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவோம். ஐம்பது வயதுக்கு மேல் குப்புறப் படுப்பது பெரிய காரியமில்லை. எழும்புவதுதான் காரியம்.

ரவை அங்கே போய்ச்சேர ஒன்றரை வினாடிக்குச் சற்றுக் கூட எடுக்கும். அதற்குள் காற்றுத் தன் வேலையைச் செய்துவிடும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று, நாங்கள் பாவிக்கும் ரவையை ஏறக்குறைய 7 அடி தள்ளிவிடும். 16 கிலோமீற்றர் என்றால் பனையோலை சலசலக்கும் காற்று. தலைமன்னார் இறங்குதுறையில் அதைக் காற்று என்றே சொல்லமாட்டோம். இரண்டு அடி வட்டத்துக்கு ஏழு அடி பிழை! கை நடுங்காமல் சுடுவதை ஒரு வருடத்தில் பழகலாம். காற்றைப் பழகி முடித்தவர் என்று அங்கே ஒருவரையும் நாங்கள் காணவில்லை.

இதில்தான் எங்கள் மூன்றாமவளின் கதை வருகிறது. அவள் இன்றுவரை துவக்கைத் தொட்டதில்லை. தொடவும் மாட்டாள். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. அவள் தாழ்வுபாட்டுக் கரையில் வளர்ந்தவள். வள்ளம் தள்ளுமுன் தகப்பன் கடலைப் பார்த்து நிற்பதையும், தண்ணீர் கறுத்துச் சிலிர்த்து வரும் இடத்தைக் காட்டி "அந்தா வருது, பொறு" என்று சொல்வதையும் பார்த்து வளர்ந்தவள். குழுப் போட்டிகளில் சுடுபவருக்கு அருகில் காற்றுப் பார்ப்பவர் என்று ஒருவர் இருப்பார். அவர் துவக்கைத் தொடவே வேண்டியதில்லை. தொலைநோக்கியால் கொடிகளையும் கானலையும் பார்த்து எத்தனை பாகம் இடம், எத்தனை பாகம் வலம் என்று சொல்வார். சுடுபவர் திருகிவிட்டு, மறுபேச்சில்லாமல் சுட வேண்டும். தேநீர் ஊற்றிக் கொடுக்க வந்தவள், இரண்டாம் வருடம் அந்தக் கதிரையில் இருந்தாள்.

கானலைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பளத்துக்கு மேலேயும் பாலத்து வீதியிலேயும் பத்து மணிக்குப் பிறகு நெளியுமே, அதேதான். தொலைநோக்கியை இலக்குக்குக் கூர்மையாக்காமல் பாதி வழிக்குக் கூர்மையாக்கினால் கானல் ஆறுபோல் ஓடுவது தெரியும். இடமிருந்து வலம் ஓடினால் காற்றும் அப்படி. சாய்வு கூடக் கூட வேகம் கூட. பானையில் நீர் கொதிப்பதுபோல் நேரே மேலெழுந்தால் பக்கக் காற்று இல்லை, அல்லது காற்றுத் திசை மாறப் போகிறது. அப்போது சுடக்கூடாது. காற்று நன்றாகப் பலத்துவிட்டால் கானல் படுத்துவிடும். அதன்பின் கொடியையும் புல்லையும்தான் நம்ப வேண்டும்.

மன்னார்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் இரத்தத்தில் ஊறியது என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். அது முழு உண்மையல்ல. எங்கள் சோளகம் வைகாசியில் பிடித்தால் மாதக்கணக்காக ஒரே பக்கமாக அடிக்கும். தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்றுக்கு நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். பிஸ்லியில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். முதற் போட்டியில் அவள் சோளகத்தை நம்புவதுபோல் ஒரு காற்றை நம்பி, அடுத்தடுத்து இரண்டு ரவைகளை இலக்கின் ஓரத்துக்கே அனுப்பினாள். வாயைத் திறக்காமல் கிடந்தோம். பிறகுதான் சொன்னாள், "இது சோளகம் இல்லையடி, சோளகம் விட்டு வாடை பிடிக்க முந்தி வருமே, அந்தக் குழப்பம்." அன்றிலிருந்து அவளிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் "பொறு". எல்லாரும் சுட்டுக்கொண்டிருக்க நாங்கள் மட்டும் துவக்கைத் தோளில் வைத்தபடி காத்திருப்போம். அந்தப் போட்டியில் எங்கள் கழகம் நான்காவது. ஐந்து கழகங்கள்தான் வந்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தோழியின் கேள்விக்கு வருகிறோம்.

சுடுபவர்கள் முறை வைத்து இலக்கடியில் வேலை செய்ய வேண்டும். அங்கே மண் அணைக்குப் பின்னால் ஆழமான பதுங்கு குழி போன்ற இடம். ரவை இலக்கைத் துளைத்துத் தலைக்கு மேலே போகும். இலக்கை இறக்கி, ஓட்டையில் ஒரு தட்டைக் குத்தி, பழைய ஓட்டையைத் தாள் ஒட்டி மூடி, திரும்ப ஏற்றுவோம். முதல் நாள் நாங்கள் மூவரும் இறங்கினோம். முதல் ரவை வந்தது. தலைக்கு மேல் சாட்டை அடித்ததுபோல் ஒரு வெடில். ஒரு வினாடி பிந்தித் தூரத்தில் "தும்" என்று துவக்கின் சத்தம். ஒலியை விட ரவை வேகமானது, ஆகவே இந்த ஒழுங்கு. அங்குள்ளவர்கள் அதைப் புதியவர்களுக்கு விளங்கப்படுத்துவார்கள். எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் குந்திவிட்டோம், கை காதில். 1990 இல் பாலமும் றெயிலும் போன காலத்தில் பங்கருக்குள் எப்படிக் குந்தினோமோ அப்படியே.

பக்கத்து இலக்கில் நின்ற வயதான ஐயா ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் இலக்கையும் தானே இறக்கி ஏற்றினார். ஒருத்தி வாங்கிலில் இருந்து அழுதாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்திருந்தாள். மற்றவள் கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய் அவரோடு சேர்ந்து கயிறு பிடித்தாள். ஏழாவதோ எட்டாவதோ ரவைக்கு மூவரும் நின்றோம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு யார் வீட்டில், எந்தப் பக்கம் என்று தேடி ஓடித்தான் எங்களுக்குப் பழக்கம். இங்கே சத்தத்துக்குப் பிறகு கடதாசியில் ஓர் ஓட்டை. தாள் ஒட்டினால் அது மூடிவிடுகிறது.

இது உனக்குப் பதிலாகுமா என்று தெரியவில்லை, தோழி. உன் வீட்டில் இல்லாமற் போனவருக்கு இதில் பதில் இல்லை. நாங்கள் துவக்கை மன்னித்துவிட்டோம் என்றும் சொல்லவில்லை. நித்திரையில் இன்றும் திடுக்கிடுகிறோம். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நேராக நிற்க முடிகிறது. அதை நாங்கள் வேறெங்கும் பழகவில்லை.

இங்கே றைபிள் கழகம் தொடங்குங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதற்கு இந்த மண் இன்னும் ஆறவில்லை என்பது எங்கள் எண்ணம். 10 மீற்றர் காற்றுத்துப்பாக்கியில் எங்கள் நாட்டின் தெஹானி எகொடவெல ரோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக உலகக் கிண்ணத் தங்கம் வென்றார். விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு அந்த வழி திறந்துதான் இருக்கிறது. எங்களால் இங்கே கொண்டுவர முடிந்தது வேறொன்று.

நாங்கள் காற்றுப் பார்க்கும் தொலைநோக்கியில் ஒன்றை, மூன்றுகாலோடு, கல்லூரி விஞ்ஞானக் கழகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். வங்காலையில் பூநாரை வரும்போதும் உதவும். நாளை காலை பத்து மணிக்குப் பாலத்தடியில் அதைப் பூட்டி, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டப் போகிறோம். காட்டப் போகிறவள் எங்கள் காற்றுப் பார்ப்பவள்தான். தோழியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நிழல் கிடையாது, குடை கொண்டு வாருங்கள்.