சங்கீத ரீச்சருக்கு எங்கள் பல்லியம்

(சங்கீத ஆசிரியையின் பிரியாவிடை விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்னும் சில நிமிடங்களில் நாங்கள் பதினான்கு பேர் இந்த மேடையில் ஒரு பல்லியம் வாசிக்கப் போகிறோம். வயலின், வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் எல்லாம் உண்டு. இதை அமைத்தவர் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாது. ரீச்சரிடம் படித்த பாடங்களை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து தொடுத்தோம்.

தொடக்கம் மாயாமாளவகௌளை. நாங்கள் படித்த முதலாவது சரளி வரிசை மூன்று காலத்திலும் வரும். அதைப் படித்த நாள்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. வயலின் தந்தி அறுந்தால் மிச்சத் தந்திகளில் வாசிப்போம். 1995 ஒக்ரோபர் 30 இரவு தென்மராட்சிக்கு நடந்தபோது வாத்தியங்களை விட்டுவிட்டுப் போனோம். ரீச்சர் சுரக் கொப்பிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒதுங்கியிருந்த இடத்தில், மாமரத்தின் கீழ், அந்தக் கொப்பிகளை வைத்துத் திரும்பவும் தாளம் போடத் தொடங்கினோம்.

அடுத்தது மோகனம். எங்களில் ஒருத்திக்குச் சுருதி சேரவே சேராது. "எனக்குச் சங்கீதம் வராது ரீச்சர், சித்திரத்துக்குப் போறன்" என்று அழுதாள். "விரல் வைக்காதை பிள்ளை. வில்லை நேராய் இழு. ச, ப இரண்டும் உன்ரை பொறுப்பு" என்றார் ரீச்சர். எங்கள் வயலினுக்கு ச-ப-ச-ப என்றுதானே சுருதி கூட்டுகிறோம். அவள் ஐந்து வருடம் குழுவில் இருந்தாள். இன்று ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கிறாள். இன்றும் அவளுக்கு அதே இரண்டு தந்திகள்தான்.

பிறகு சுருதிப்பெட்டி நிற்கும். மோகனத்தின் ரிஷபத்தைச் சட்சமாகக் கொண்டால் அதே ஐந்து சுரங்கள் மத்தியமாவதி ஆகிவிடும். "நிக்கிற இடத்தை மாத்திப் பாருங்கோ" என்று ரீச்சர் காட்டித்தந்த பாடம் அது. அப்போது அவளுடைய ச, நிஷாதமாகும், ப, மத்திமமாகும். அவள் எதையும் மாற்றத் தேவையில்லை. ஊர்விட்டு ஊர் போய் வாழ்ந்த பிறகுதான் எங்களுக்கு அந்தப் பாடம் முழுதாக விளங்கியது.

பல நாடுகளிலிருந்து ஒத்திகை பார்ப்பது இலகுவாக இருக்கவில்லை. இணையவழியில் ஒலி பிந்தி வருவதால் தாளம் சேராது. ஒரே மிருதங்கப் பதிவைக் கேட்டுக்கேட்டுத் தனித்தனியே பழகினோம். ஒன்றாக வாசித்தது கடந்த நான்கு நாள்கள்தான்.

கச்சேரியை மத்தியமாவதியில் நிறைவுசெய்வது வழக்கம். ஆனால் ரீச்சருடன் இந்தக் குழு நிறைவடையக்கூடாது. அவருடைய இடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. அதுவரை ஒருவர் வந்து படிப்பிப்பதற்கான வேதனத்தை ஒரு வருடத்துக்கு நாங்கள் தருகிறோம். நான்கு வயலின்களையும் இந்தப் பல்லியத்தின் சுரக் கொப்பியையும் அதிபரிடம் ஒப்படைக்கிறோம். ஒரேயொரு வேண்டுகோள்: விரல் வைக்காத தந்திகளை ஒவ்வொரு வருடமும் "எனக்கு வராது" என்று சொல்லும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

ரீச்சர், பிழை வந்தால் வழமைபோலக் கையைத் தட்டி நிற்பாட்டுங்கோ. முதலிலிருந்து தொடங்குகிறோம்.