ஜாருவும் கான்கிரீட்டும்
(நமது கிளைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் தொழிலால் ஆர்க்கிடெக்ட். சங்கீதம் தெரிந்தவர்கள் நிறைந்த சபையில் அதைப் பற்றிப் பேசச் சற்று பயம்தான். ஆனால் வீடு கட்ட வருபவர்களில் பலர், "எங்களுக்குப் பாட்டு உயிர், ஸார். வீட்டிலும் அது தெரியணும்" என்கிறார்கள். வாசல் கிரில்லில் வீணை வைத்தால் அது அலங்காரம், அவ்வளவே. சங்கீதத்திலிருந்து கட்டடம் வேறு என்ன வாங்கிக்கொள்ள முடியும்?

யானிஸ் க்ஸெனாகிஸ் என்ற கிரேக்கர் அதைக் காட்டினார். படித்தது சிவில் இன்ஜினீயரிங், பாரீஸில் லெ கார்பூசியேயின் அலுவலகத்தில் உத்தியோகம், கூடவே இசையமைப்பு. 1953-54இல் 'மெடாஸ்டாஸிஸ்' என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பை எழுதினார். அதில் 46 தந்தி வாத்தியங்களுக்கும் தனித்தனி வரி. நமது ஜாருவைப் போல ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வார்கள், ஆளுக்கொரு வேகத்தில்.

இதை வரைபடத்தாளில் போடுங்கள். குறுக்கே காலம், மேல்நோக்கி ஸ்தாயி. ஒவ்வொரு ஜாருவும் ஒரு சாய்ந்த நேர்க்கோடு. பலகையில் ஆணியடித்துக் குழந்தைகள் நூல் கட்டுவார்களே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு நூலும் நேர்தான். சேர்ந்து நின்றால் வளைவு தெரியும்.

1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனியின் அரங்கை வடிவமைக்கும் பொறுப்பு லெ கார்பூசியேயிடம் வந்தது. அவர் அதை க்ஸெனாகிஸிடம் விட்டார். பாட்டிலிருந்த அதே கோடுகள், திருகிய கான்கிரீட் சுவர்களாக எழுந்தன. கனம் சுமார் 5 சென்டிமீட்டர்! நேர்க்கோடுகளால் ஆன வளைவு என்பதால் கணக்குக்கும் கட்டுப்பட்டது. உள்ளே நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்களில் எட்கார் வரேஸின் எட்டு நிமிட எலக்ட்ரானிக் இசை.

பெயர் யாருக்கு என்பதில் தகராறு வந்தது. க்ஸெனாகிஸ் விடாமல் கேட்ட பிறகே அவர் பெயரும் சேர்ந்தது. மறுவருஷம் உத்தியோகம் போயிற்று. குருவிடம் வாய் திறவாமல் வளர்ந்த நமக்கு இது உறுத்தலாம். எனக்கு அவர் கேட்டது நியாயமாகவே படுகிறது.

அரங்கை 1959இல் இடித்துவிட்டார்கள். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஃபிரான்ஸில் லா துரெத் மடத்துக்காக அவர் வகுத்த கண்ணாடிச் சுவர் முறை சண்டிகர் அரசுக் கட்டடங்களிலும் உண்டு. செங்குத்துச் சட்டங்கள் சம இடைவெளியில் நிற்காது. ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும், கீழ்க்காலமும் மேல்காலமும் மாறி வருவதுபோல. போகிறவர்கள் அதை ஒட்டி நடந்துகொண்டே பாருங்கள். நின்று பார்த்தால் பாதிதான் தெரியும்.