செவிவழிச் செய்தியும் சான்றும்

 

சின்ன காஞ்சிபுரத்தில் கூடும் சமணர் எவருக்கும் அகளங்க ஆசாரியரின் வாதப்போர் புதிய கதையன்று. இமசீதளன் என்னும் மன்னன் அவையில் அவர் பௌத்தரோடு வாதிட்டார். குடத்துள் மறைந்திருந்த தாராதேவி பௌத்தர் சார்பில் விடையளித்தாள். ஆசாரியர் அக்குடத்தைக் காலால் உடைத்து வென்றார். வழிவழியாகக் கேட்டுவரும் இச்செய்தியை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம்?

ஆசாரியர் 8ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலர் கருத்து. குடம் உடைந்த செய்தியைக் கூறும் சிரவணபெளகொள மல்லிசேணர் கல்வெட்டு 1129ஆம் ஆண்டினது. இடைவெளி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். பிற்கால நூல்களோ தம்முள் மாறுபடுகின்றன. நேமிதத்தரின் கதாகோசம் அவரை மான்யகேடத்து அமைச்சர் மைந்தர் என்று கூறி, வாதத்தைக் கலிங்கத்தில் நிகழ்த்துகிறது. 19ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான இராசாவளிக்கதை காஞ்சியோடு அவரை இணைக்கிறது.

இதனோடு திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயச் சங்கீத மண்டபத்தை ஒப்பிடுக. விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் சொற்படி அதனைக் கட்டுவித்தார் என அங்குள்ள கல்வெட்டு உரைக்கிறது. அது மண்டபம் எழுந்த 14ஆம் நூற்றாண்டிலேயே, எழுந்த இடத்திலேயே பொறிக்கப்பட்டது. இரண்டும் நம் செல்வங்களே. எனினும் இரண்டின் எடையும் ஒன்றன்று.

இவ்வாறு எடையிடுவது ஆசாரியருக்கு இழுக்காகுமா? ஆகாது. சமந்தபத்திரரின் ஆப்தமீமாஞ்சை, தேவர் வருகை, வான்வழிச் செலவு போன்ற அற்புதங்கள் மாயவித்தைக்காரரிடமும் காணப்படுதலின், அவற்றால் மட்டும் அருகப் பெருமானின் பெருமை நிறுவப்படாது என்றே தொடங்குகிறது. அந்நூலுக்கு அஷ்டசதி என்னும் உரை வகுத்தவர் அகளங்கரே! குடம் உடைந்ததோ இல்லையோ, தர்மகீர்த்தி முதலிய பௌத்த அறிஞரின் கொள்கைகளை அவர் மறுத்த நூல்கள் இன்றும் உள்ளன. அவர் வாதவன்மைக்கு அவையே சான்று.

ஆகமமும் ஒரு பிரமாணமே என்பது சமணர் கொள்கை. ஆனால் அது ஆப்தன் உரை. குற்றம் நீங்கி, உண்மை உணர்ந்தோன் சொல். யாரோ சொன்னதெல்லாம் ஆகமம் ஆகாது.

இவ்வேறுபாடு இன்றைய வாழ்வுக்கும் இன்றியமையாதது. "நோன்பிருந்தேன், நீரிழிவு நீங்கிற்று" என ஒருவர் மெய்யாகவே கூறலாம். நலம் பெற்றவர் பலரிடம் சொல்கிறார். பெறாதவர் வாளா இருக்கிறார். ஆதலின் நற்செய்தி மட்டுமே செவிக்கு எட்டுகிறது. உடன் உண்ட மருந்தும், மாறிய உணவும் அக்கூற்றில் இடம்பெறுவதில்லை. அதனைக் கேட்டு மற்றொருவர் மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரும். நோன்பு வினை நீக்கத்துக்கு உரியது, மருந்துக்கு மாற்றன்று.

எனவே ஒருவர் அனுபவத்தை இகழவும் வேண்டா. அதுவே முடிவு எனக் கொள்ளவும் வேண்டா. அது ஆராய்ச்சிக்குத் தொடக்கம். சரிகையைச் சுரண்டிச் செம்பட்டு இழை தோன்றுகிறதா என்று பார்த்து வாங்கும் ஊர் இது. சொல்லுக்கும் அத்தேர்வு வேண்டும்: கண்டவர் யார்? எப்போது சொன்னார்? மாறாகக் கண்டவர் உண்டா?

கண்டதைக் கண்டது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்துரைப்பதே வாய்மை என்னும் அணுவிரதத்தின் இன்றைய கடமை. சிறார்க்கு அகளங்கர் கதையைச் சொல்லுங்கள்; அவர் நூல்களின் பெயரையும் உடன் சொல்லுங்கள்.

அறம் வளர்க!