சமாதானம் பேசப் போகாதீர்கள், சட்டத்தரணியைப் பாருங்கள்
(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் குழுப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று சம்பளத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பேச நாங்கள் வரவில்லை. "சங்கக் கூட்டத்தில் இந்தக் கதையெல்லாம் எதற்கு டீச்சர்?" என்று வாசலிலேயே ஒரு தலைவர் கேட்டுவிட்டார். அவருக்குக் கோபமில்லை, கூச்சம்தான். அந்தக் கூச்சத்தால் நாங்கள் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது. 13 வயதுப் பிள்ளை. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை, தகப்பன் கொழும்பில் கடையில். பிள்ளை அம்மாயியோடு லயத்தில் இருந்தது. தனக்கு நடந்ததைப் பாடசாலையில் ஓர் ஆசிரியையிடம் சொன்னது. விடயம் பொலிசுக்குப் போனது. பிள்ளை பெயர் சொன்னவர் எங்கள் அங்கத்தவர். மாதம் தவறாமல் சந்தா கட்டுபவர், வேலைநிறுத்த நாட்களில் முன்னால் நின்றவர்.

பிள்ளை என்ன சொன்னது என்று தெரிந்துகொள்ளும் முன்னரே "இது மற்றச் சங்கத்துக்காரன் கட்டிவிட்ட கதை" என்றோம். லொறி பிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்தின் முன்னால் போய் நின்றோம். அன்றிரவே இரண்டு பெரியவர்கள் அரிசியும் உடுப்பும் கொஞ்சம் பணமும் எடுத்துக்கொண்டு அம்மாயி வீட்டுக்குப் போனார்கள். "பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கு, கோயிலில் வைத்துப் பேசி முடிச்சிக்குவோம்" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. லயத்துச் சண்டை, தண்ணீர்ச் சண்டையெல்லாம் அப்படித்தான் தீர்த்துப் பழக்கம். இதற்கிடையில் கோட்டில் ஆளைத் தெரியும் என்று ஒருவர் வந்து, சந்தேகநபரின் மனைவியைத் தோட்டை அடகு வைக்கச் செய்து பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் சட்டத்தரணியும் இல்லை, ஒன்றும் இல்லை.

இவ்வளவு ஓடினோம். ஒரு சட்டத்தரணியை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அங்கத்தவர் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம். "போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில் தான் தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்ததாக எங்களிடம் சொன்னார். வாக்குமூலத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஒரு வருடம் கழித்து சட்டத்தரணி வந்து தொழிற்சாலை வரவுப் பதிவைக் கேட்டபோது, அந்த மாதத்துப் பதிவு கிடைக்கவில்லை. அரிசி கொண்டுபோன கதையோ சாட்சியை மடக்கப் பார்த்தார்கள் என்று நீதிமன்றத்தில் வந்து நின்றது. பிள்ளை பாடசாலையை விட்டுவிட்டது. லொறியில் போன ஆட்களை அது தினமும் லயத்தில் பார்க்க வேண்டியிருந்ததே!

வழக்கு இன்னும் மேல் நீதிமன்றத்தில் இருக்கிறது. தீர்ப்பை நீதிபதி சொல்வார். நாங்கள் செய்ததெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உதவவில்லை, பிள்ளைக்கும் உதவவில்லை. இதை இன்று சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களுக்கான தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது. பொறுப்பில் உள்ள பிள்ளையை அடித்து வதைத்தல், வேண்டுமென்றே கவனிக்காமல் விடுதல் ஆகியவை 308அ பிரிவின் கீழ் வரும். அதற்கு 2 முதல் 10 வருடம் வரை சிறை. பாலியல் குற்றங்களுக்கு 20 வருடம் வரை போகும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை "சம்மதித்தது" என்று சொல்வது எதிர்வாதமே ஆகாது. "விரும்பித்தான் போனிச்சு" என்று இன்னும் பேசுகிற நமது ஆட்களுக்கு இதை உரக்கச் சொல்லுங்கள். இந்தக் குற்றங்களை இணக்க சபையில் தீர்க்க முடியாது. தோட்டத் துரை தீர்க்க முடியாது. சங்கத் தலைவரும் தீர்க்க முடியாது. பிள்ளையின் வீட்டார் "மன்னித்துவிட்டோம்" என்று எழுதிக் கொடுத்தாலும் வழக்கு நிற்காது.

பணம் கொடுத்தோ பயமுறுத்தியோ முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் செய்வது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. அந்தக் குற்றத்தில் மாட்டினால் பிணை எளிதில் கிடைக்காது. ஆகவே சமாதானம் பேசப் போகிறவர் தான் காப்பாற்ற நினைக்கும் ஆளையே ஆழமாகத் தள்ளிவிடுகிறார்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் உள்ளது. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதவான் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். வேறு மொழியில் எழுதினால் அதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம். பொலிசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் வழக்கில் சாட்சியாகாது. ஆனால் அங்கே ஒன்று சொல்லிவிட்டு நீதிமன்றத்தில் வேறொன்று சொன்னால், அந்த முரண்பாட்டை அரச தரப்புச் சட்டத்தரணி பிடித்துக்கொள்வார்.

இந்த இடத்தில்தான் நமது ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். "அந்த நேரத்தில் நான் அங்கே இருக்கவில்லை" என்பதுதான் எதிர்வாதம் என்றால், அதை முதல் வாக்குமூலத்திலேயே சொல்ல வேண்டும். மேல் நீதிமன்ற விளக்கம் தொடங்கிய பிறகு திடீரென்று எடுத்துவிட முடியாது, அதற்கு முன் அறிவித்தல் வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. செக்ரோல், கொழுந்து நிறுத்த கணக்கு, தொழிற்சாலை வரவு, பஸ் டிக்கட், ஆஸ்பத்திரித் துண்டு எதுவானாலும் முதல் கிழமையிலேயே சட்டத்தரணி மூலம் கேளுங்கள். தோட்டத்தில் பழைய புத்தகம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது, நீதிமன்றங்களை ஒட்டி அதன் நிலையங்கள் இருக்கின்றன. மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாதவருக்கு நீதிபதியே ஒருவரை நியமிப்பார். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கூண்டில் நின்று தலையாட்டிக்கொண்டே இருக்காதீர்கள், "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லுங்கள்.

பிள்ளை பக்கம் நிற்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது. பிள்ளையைத் தாமதிக்காமல் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும். உடம்பில் காயம் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டத்தில் கணக்கில்லை. நம்பத்தகுந்ததாக இருந்தால் ஒரு பிள்ளையின் சாட்சியே போதும். ஆளாளுக்குக் கூப்பிட்டு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அது பிள்ளைக்கு வேதனை, வழக்கிலும் குழப்பம். பிள்ளையின் பெயரையோ படத்தையோ முகநூலில் போட்டால், நல்லெண்ணத்தில் போட்டாலும், போட்டவருக்கு எதிராகவே வழக்கு வரும்.

ஆசிரியர்களாகிய நாங்களும் எங்கள் கையைப் பார்க்க வேண்டும். பிரம்பு எடுக்காத பாடசாலை எத்தனை? உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் 2005இலேயே வந்துவிட்டது. ஆசிரியர் அறைந்து ஒரு காதில் கேட்கும் திறனை இழந்த மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த ஆசிரியரை 150,000 ரூபாயும் அரசை 500,000 ரூபாயும் கட்டச் சொன்னது. "அடிச்சாத்தான் படிக்கும் டீச்சர், தோலை மட்டும் எங்களுக்கு விட்டுடுங்க" என்று சொல்லும் பெற்றோரே, உங்கள் அனுமதியை மட்டும் நம்பி நாங்கள் பிரம்பு எடுக்க முடியாது.

பிள்ளையைக் கெடுத்தவன் என்று சொல்லப்படுகிறவனுக்குச் சங்கம் ஏன் சட்டத்தரணியைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று மாதர் குழுத் தோழிகள் சண்டையே பிடித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது, எங்களில் சிலருக்கும் அதே கோபம்தான். ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விசாரணை ஒழுங்காக நடக்காமல் வந்த தீர்ப்பு மேன்முறையீட்டில் உடைந்தால் மறுவிசாரணை வரலாம். அப்போது அந்தப் பிள்ளை, வளர்ந்து கல்யாணம் முடித்த பிறகும்கூட, மறுபடி கூண்டேறி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பொய்யாகப் பெயர் இழுபட்ட ஆட்களும் நம்மிடையே இருக்கிறார்கள். லயத்துப் பகையும் சங்கப் போட்டியும் எதையும் செய்யும். யார் எந்த வகை என்பதைப் பிரட்டுக்களத்தில் கைதூக்கி முடிவெடுக்க முடியாது.

ஆகவே எங்கள் பிரதேசக் கமிட்டியில் இப்படித் தீர்மானித்திருக்கிறோம். சந்தேகநபர் அங்கத்தவரானால் அவர் குடும்பத்துக்குச் சட்ட உதவி நிலையத்தின் வழியைக் காட்டுவோம், ஆவணங்கள் எடுக்க உதவுவோம். வழக்குக்குச் சங்கப் பணம் கிடையாது, ஊர்வலமும் கிடையாது. பிள்ளையின் வீட்டாருக்கும் அதே உதவி உண்டு, அவர்கள் எந்தச் சங்கமானாலும் சரி. இரு பக்கத்துக்கும் ஒரே ஆள் பேசக்கூடாது. அம்மாயி வீட்டுப் படியை எந்தத் தலைவரும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் பதவி போகும். இந்தக் கடைசித் தீர்மானத்துக்கு இரண்டு பேர் எதிர்த்துக் கை தூக்கினார்கள், அதையும் கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறோம்.

இன்னும் முடியாத ஒரு விடயம் இருக்கிறது. சாட்சி சொல்லப் போகும் நாளில் அம்மாயிக்கோ தாய்க்கோ பேர் இல்லை. தவணை மேல் தவணை போட்டால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் சம்பளம் போகிறது. அழைப்பாணைத் துண்டைக் காட்டினால் அன்றைய பேரைப் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கப் போகிறோம். உங்கள் தோட்டத்தில் யாராவது இப்படிப் பேர் இழந்திருந்தால், பிள்ளையின் பெயர் வேண்டாம், திகதிகளை மட்டும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.