ஒரு பட்டம் எத்தனை பேர்?



தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் “பேர்” என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு பேர். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர். மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்பதை வைத்துத்தான் வீட்டுக்கு அரிசியும் பிள்ளைக்குக் கொப்பியும். இன்று அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, உயர்தரம் முடித்த பிள்ளைகளின் ஓர் ஆசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கிராஃபிக் டிசைன், அனிமேஷன், வீடியோ எடிட்டிங். அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் இவற்றைப் படிக்க வேண்டும் என்று சொல்லாத வகுப்பே இல்லை. நல்ல ஆசை. இதைத் தடுக்க நான் வரவில்லை. ஆனால் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கட்டணச் சீட்டை வாங்கிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வந்ததும், அம்மா தன் ஈ.பி.எஃப் சேமலாபப் பணத்தை நினைக்கிறார், அப்பா நகை அடகுக்கடையை நினைக்கிறார். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்கிறேன்.

படிப்புக்கு 20 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கணக்குக்கு அதையே எடுப்போம். 20 இலட்சம் என்பது ஏறக்குறைய 1,480 பேர். மாதம் 25 பேர் விழுந்தாலும் ஐந்து ஆண்டு. அந்த ஐந்து ஆண்டும் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு சரி.

இதோடு போர்டிங் வாடகை, பஸ் காசு, நல்ல கணினி ஒன்று. பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்குவதாக இருந்தால், கட்டணத்தில் ஒரு பகுதியைப் பவுணிலோ டொலரிலோ கேட்பார்கள். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் அந்த ஏற்றம் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: கட்டணம் முழுவதும் ரூபாயிலா?

இனி வரவுப் பக்கம். விளம்பரத்தில் சிரிக்கும் முகம் வரவு ஆகாது. வேலை கிடைத்த பிள்ளை கொழும்பில் தங்கி, சாப்பிட்டு, மீதி 25,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்புகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்தால், 20 இலட்சம் திரும்பி வர 80 மாதம், அதாவது ஆறு ஆண்டு எட்டு மாதம். ஆகவே அந்த நிறுவனத்தில் படித்து முடித்து இரண்டு ஆண்டு ஆன இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று நேராகக் கேளுங்கள். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் பாடம் என்றால், தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு முதல் ஆண்டு இரட்டைச் சுமை. அதுவும் ஒரு செலவுதான்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம். அரச பல்கலைக்கழகத்தில் கற்பிப்புக் கட்டணம் இல்லை, தகுதியானவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. அங்கே இடம் கிடைக்காவிட்டால் தொழிற்பயிற்சி அதிகார சபையின் என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில்தகைமைப் பயிற்சிகள் இருக்கின்றன. நான்காம் மட்டத்தில் தொடங்கி, ஐந்தாம் மட்டத்தில் டிப்ளோமா எடுத்து, இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை ஏறலாம். ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். நடுவில் பணம் தட்டினாலும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. தனியார் பட்டம்தான் வேண்டும் என்றால், அரசின் வட்டியில்லாக் கடன் அந்தப் படிப்புக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் வேலை தருபவர் சான்றிதழைப் பார்க்கும் முன்பு நீங்கள் செய்த வேலையைப் பார்க்கிறார். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதை வாங்கிய “ஃப்ளோ” என்ற லத்வியப் படம், பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்யப்பட்டது. அந்த மென்பொருள் இலவசம். கைக்கெட்டும் கணினி தாங்கினால் அதிலேயே இறக்கிப் பார்க்கலாம். கட்டணம் கட்டுமுன் ஆறு மாதம் இப்படிப்பட்ட இலவச மென்பொருள்களில் உட்காருங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸை வடிவமையுங்கள். நகரத்து ஸ்டூடியோவில் கல்யாண அல்பம் செய்யக் கேட்டுப் பாருங்கள். மூன்று மொழிப் பதாகைகளில் தமிழ் எழுத்து உடைந்து கிடப்பதை நாம் எத்தனை முறை பார்த்து வருந்தியிருக்கிறோம்! தமிழைப் பிழையில்லாமல், அழகாக அமைக்கத் தெரிந்த கைக்கு இந்த நாட்டில் வேலை இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால், உங்கள் கையில் பத்து வேலைகள் சேர்ந்திருக்கும். எந்தப் படிப்பு உங்களுக்குத் தேவை என்பதும் அப்போது தெரிந்திருக்கும்.

பெற்றோரே, பிள்ளையை அதட்ட வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொப்பியை விரித்து, செலவை ஒரு பக்கமும் வரவை மறுபக்கமும் எழுதுங்கள். ரூபாயில் எழுதி, பக்கத்தில் பேரிலும் எழுதுங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு படம் முடிந்ததும் திரையில் அதைச் செய்தவர்களின் பேர்கள் ஏறி வரும். நம் பிள்ளையின் பேரும் ஒருநாள் அங்கே வர வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை. செக்ரோலில் விழுந்த அம்மாவின் பேர்களில் எத்தனையை அதற்காகக் கொடுத்தோம் என்பது, அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே தெரிந்திருக்கட்டும்.