பட்டப் படிப்பின் படிகள்

பள்ளி இறுதித் தேர்வு முடிந்தவுடன் வீடுதோறும் எழும் வினா ஒன்று உண்டு. ‘அடுத்து என்ன படிப்பது?’ என்பதே அது. இதற்கு விடை சொல்லும் பொறுப்பைப் பெரும்பாலும் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் விட்டுவிடுகிறோம். நாம் நடக்கவேண்டிய பாதையை நாமே ஓரளவு அறிந்துகொள்வது நன்றல்லவா?

நாம் படிப்பது கல்லூரியில். பட்டம் வழங்குவதோ பல்கலைக்கழகம். இவ்வேற்பாடு எப்படி வந்தது? 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இலண்டன் பல்கலைக்கழகமே அவற்றுக்கு முன்மாதிரி. சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் கற்பிக்கவில்லை. கல்லூரிகள் கற்பித்தன; பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் அளித்தது. 1929-இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வேறு வகையினது. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்திலேயே தங்கிக் கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அது அமைந்தது. இன்று தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துத் தேர்வையும் தாமே நடத்துகின்றன. ஆயினும் பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயரே நிற்கும்.

இனி, படிப்பின் கால அளவைக் காண்போம். கலை, அறிவியல், வணிகவியல் இளநிலைப் பட்டங்களுக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். பொறியியலுக்கு 4 ஆண்டுகள். மருத்துவத்துக்கு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். சட்டத்தைப் பள்ளிப் படிப்பின்பின் 5 ஆண்டுகளிலோ, ஒரு பட்டம் பெற்றபின் 3 ஆண்டுகளிலோ பயிலலாம். ஆண்டு முழுவதும் படித்து ஒரே தேர்வு எழுதிய காலம் பெரும்பாலும் மறைந்தது. ஆண்டை இரு பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தேர்வு வைக்கிறார்கள். வகுப்பில் நடைபெறும் அகமதிப்பீட்டுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே கடைசி மாதத்தில் கண்விழித்துப் படித்தால் போதும் என்று எண்ணுவோர் ஏமாந்து போவர்.

குடும்பப் பொறுப்பினால் கல்லூரி வாயிலை மிதிக்க இயலாதவரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகவே 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பகலில் உழைத்து இரவில் படிப்போருக்கு இவை பெருந்துணை. எனினும் மருத்துவம், பொறியியல் போன்றவற்றை இவ்வழியில் பயில இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். படிகளைத் தாண்டிக் குதிக்கலாகாது. முறையான இளநிலைப் பட்டம் பெறாமல் திறந்தநிலை முறையில் நேரே பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று 2009-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற சான்றிதழ் வேலை தேடும் நாளில் பயனற்றுப் போனால் அந்த வேதனையை என்னென்பது! மேலும், சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும், அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுமே பட்டம் வழங்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டு வருகிறது. பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள். சேரவிருக்கும் படிப்புக்கு ஏற்பு உண்டா, அதன்பின் எந்த மேற்படிப்புக்குத் தகுதி கிடைக்கும் என்னும் இரண்டையும் கேட்டறியுங்கள்.

இறுதியாக ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். இன்று அவரை நாம் நினைப்பது அந்தத் தொண்டுக்காகவே. பட்டம் என்பது வாயில். வாயிலைக் கடந்தபின் செய்யும் பணியே வாழ்வு. தக்க வாயிலைத் தேர்ந்து, துணிவுடன் உள்ளே செல்லுங்கள்.