பாட்னாவில் ஒரு புத்தகப் பொக்கிஷம்

கயா யாத்திரைக்குப் பாட்னா வழியாகப் போகிறவர்கள், அங்குள்ள குதா பக்ஷ் நூலகத்தையும் அவசியம் பார்க்க வேண்டும்.

குதா பக்ஷ் ஒரு வக்கீல். தகப்பனார் விட்டுச்சென்ற 1,400 கையெழுத்துப் பிரதிகளைச் சுமார் 4,000 ஆகப் பெருக்கி, 1891-ல் பொதுமக்களுக்கே கொடுத்துவிட்டார். பிரிட்டிஷ் மியூசியம் விலைக்குக் கேட்டும் மறுத்தார் என்பார்கள். அவருடைய சமாதியும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது.

அங்கே பாரசீகக் கவி ஹாஃபிஸின் பாடல் பிரதி ஒன்று. நம்மவர்கள் ராமாயணத்தில் கயிறு சார்த்திப் பார்ப்பதுபோல, மொகலாய அரசர்கள் இதைப் பிரித்துச் சகுனம் பார்த்திருக்கிறார்கள். எதற்காகப் பார்த்தோம், என்ன பலித்தது என்று ஹுமாயூனும் ஜஹாங்கீரும் ஓரத்தில் தம் கைப்பட எழுதியிருக்கிறார்கள்! விஞ்ஞானம் படித்த எனக்குச் சகுனத்தில் நம்பிக்கையில்லை. ஆனால் கேள்வியையும் பலனையும் குறித்துவைத்தார்களே, லாபரட்டரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான்.

இன்னொன்று, அக்பர் காலத்து ஓவியங்கள் நிறைந்த தைமூர் வம்ச சரித்திரம். உலகில் வேறு பிரதி கிடையாது. 2011-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது.

இத்தனை இருந்தும், 2021-ல் மேம்பாலத்துக்காக நூலகத்தின் பழைய கர்சன் வாசகசாலையை இடிக்க யோசனை வந்தது. படித்தவர்கள் பலர் எதிர்த்து எழுதினார்கள். வாசகசாலை தப்பியது.